வீட்டைச் சுற்றிப் போன குழாய்

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று டொக்டர் என்னைத் தனியாக ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். என் கணவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகலாமாம். நல்ல செய்திதான். அதைச் சொல்ல ஏன் அவ்வளவு மெதுவாகப் பேச வேண்டும் என்று விளங்கவில்லை. மேசையில் இருந்த டிஷ்யூ பெட்டியை வேறு என் பக்கம் நகர்த்தி வைத்தார். எனக்குத் தடிமனும் இல்லை, மூக்கும் ஒழுகவில்லை.

பிறகு ஜூலி என்ற நர்ஸ் வந்து வீட்டைப் பற்றி விசாரித்தார். இவருக்கு இனி நாள் முழுக்க மூச்சுக்கு ஒட்சிசன் மெஷின் ஓட வேண்டும். படி ஏற ஏலாது. கட்டில், மெஷின், சக்கர நாற்காலி மூன்றும் கொள்ளுகிற அறை வேண்டும், பக்கத்திலேயே கழிப்பறை வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி இருப்பது பின் அறை ஒன்றுதான். அங்கேதான் பொயிலர் நிற்கிறது. இந்தக் கிராமத்துக்குக் காஸ் வரவில்லை. எல்லா வீட்டிலும் தோட்டத்து மூலையில் ஒரு மண்ணெண்ணெய்த் தொட்டி, அதிலிருந்து பொயிலருக்கு ஒரு செப்புக் குழாய். அது எரிந்தால்தான் ரேடியேட்டர் சுடும், குளிக்கச் சுடுதண்ணீர் வரும்.

நெருப்பு எரிகிற பெட்டியும் ஒட்சிசனும் ஒரே அறையில் இருக்கவே கூடாது என்று ஜூலி சொன்னார். பொயிலர் வெளியே போனால் இவர் உள்ளே வரலாம். இல்லாவிட்டால் பராமரிப்பு இல்லம். "அங்கேயும் நன்றாகத்தான் பார்ப்பார்கள்" என்றார். பார்க்கட்டும், வேறு ஆட்களை. இவர் என்னுடைய வீட்டுக்குத்தான் வருவார்.

திரும்பி வரும்போது வானை ஓட்டியது என் தம்பி கெங்காதரன். "டொக்டர் என்னவாம்?" என்று கேட்டான். "வீட்டுக்கு விடப்போகினமாம்" என்றேன். அதற்கு மேல் நானும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

அக்டோபர் 8, புதன்

பொயிலர் வேலைக்குப் பதிவு பெற்ற ஆட்கள் நாலு பேருக்குப் போன் அடித்தேன். குளிர் தொடங்கும் நேரம், எல்லோரும் கார்த்திகை கடைசிதான் என்றார்கள். நாலாவது ஆள் கிரேயம். இவருக்கு ஒட்சிசன் என்று சொன்னதும், வெள்ளிக்கிழமை காலை வந்து பார்க்கிறேன் என்றார். நன்றி சொல்லும்போது குரல் ஒரு மாதிரி போய்விட்டது. குளிர்தான்.

அக்டோபர் 10, வெள்ளி

கிரேயம் வந்தார். உயரமான மனுஷன், நிலைப்படியில் குனிந்துதான் நுழைந்தார். பொயிலரைக் கராஜுக்கு மாற்றலாமாம். ஆனால் தொட்டி வீட்டின் ஒரு பக்கம், கராஜ் மறுபக்கம். நடுவில் பின் அறை. எண்ணெய்க் குழாயை எந்த வழியாகக் கொண்டுபோவது என்பதுதான் முழு வேலையும் என்றார்.

குறுக்கு வழி பின் அறையின் தரைக்குக் கீழாக. நேரே வெட்டிக்கொண்டு போய்க் கராஜில் ஏறலாம். அதை நான் செய்யவும் மாட்டேன், வேறு யாரும் செய்தால் கையெழுத்துப் போடவும் மாட்டேன் என்றார். தரைக்குள் கசிந்தால் யாருக்கும் தெரியாது, எண்ணெய் சத்தம் போடாமல் ஊறும், அதற்கு மேலே ஒட்சிசன் மூச்சு. எனக்கு அந்த ஒரு வசனம் போதும்.

மற்ற வழி தோட்டத்தால், வீட்டைச் சுற்றி. முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்ட வேண்டும். பிளாஸ்டிக் உறை போட்ட ஒரே நீளக் குழாய், மண்ணுக்குள் ஒரு மூட்டும் வரக்கூடாது. மேலே மண் போட்டுப் பாதியில், பின்னால் தோண்டுகிறவர் கண்ணில் பட, எச்சரிக்கை நாடா, பிறகு மிச்ச மண். கராஜ் சுவருக்கு வெளியே ஒரு வால்வு. உள்ளே நெருப்புப் பிடித்தால் அது தானாக எண்ணெயை நிறுத்திவிடும். பழைய குழாயை வெளியிலேயே வெட்டி மூடிவிடுவார். பின் அறைக்குள் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் இருக்காது. வாய்க்கால் வெட்டுகிற வேலை எங்களுடையது. அடுத்த செவ்வாய் வந்து பொயிலரைக் கழற்றுவார், குழாய் போட 24ஆம் திகதிதான் நேரம் இருக்கிறது.

வெள்ளைச் சோக்கட்டியால் சுவரடியில் ஒரு கோடு போட்டுக்கொண்டு போனார். கோடு நேரே இவருடைய பாவற்காய்ப் பந்தலுக்குள் போய் நின்றது. அங்கே சோக் பிடிக்காது, கையால் காட்டினார்.

மாலை கெங்கா வந்து கோட்டைப் பார்த்துச் சிரித்தான். இந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் குசினி, குளியலறை, கூரை எல்லாம் அவன் கைதான். ஒருவரிடமும் கூலி பேசமாட்டான், கொடுத்ததை வாங்குவான், எங்களிடம் அதுவும் இல்லை.

"உந்தச் சின்ன வேலைக்கு வீட்டைச் சுத்தி ஊர்வலமே? உள்ளுக்காலை ரெண்டு நாளில முடிச்சுத் தாறன் அக்கா."

"வேண்டாம் தம்பி. அந்த மனுஷன் வடிவாச் சொல்லிப்போட்டார்."

"வெள்ளைக்காரன் சொன்னால் வேதம். தம்பி சொன்னால் குப்பை" என்றான். பகிடியாகத்தான் சொன்னான். பாதிப் பகிடி.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆஸ்பத்திரி. இவர் மெலிந்துபோய்விட்டார் என்று யாரோ பார்வையாளர் சொன்னதற்கு, ஆஸ்பத்திரிச் சாப்பாடு அப்படி என்றேன். வீட்டுச் சாப்பாடு கிடைத்தால் சரியாகிவிடும்.

அக்டோபர் 14, செவ்வாய்

பொயிலரைக் கழற்றியாகிவிட்டது. வீடு குளிர்கிறது. இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் இவருடைய கோட்.

அக்டோபர் 17, வெள்ளி

ஆஸ்பத்திரியால் வந்து கதவைத் திறந்ததும் ஈரச் சீமெந்து மணம். கெங்காவிடம் வீட்டுத் திறப்பு, எங்கள் இரண்டாவது சாவி, எப்போதும் இருக்கும். பின் அறையில் முழங்காலில் நின்று கரண்டியால் தரையை வழித்துக்கொண்டிருந்தான். தரை நடுவில், சுவருக்குச் சுவர், புதிதாகப் பூசிய ஒரு கோடு.

"முடிஞ்சுது அக்கா! குழாய் உள்ளுக்க. நாளைக்கே பொயிலரைக் கராஜில வச்சுப் பூட்டலாம். நடுவில ஒரு மூட்டுத்தான், ஈயம் வச்சு ஒட்டினனான், அசையாது."

நடுவில் என்றால் கட்டில் வரப்போகிற இடம். அவன் முகம் முழுக்க சீமெந்துத் தூசு, கண் சிவந்திருந்தது, வேலைக்கு லீவு போட்டிருக்கிறான். குசினியில் கடலை வடையும் வாங்கி வைத்திருந்தான். எங்கள் ஆட்களுக்குள் ஒருவன் உடம்பை முறித்து இலவசமாக ஒன்று செய்து தந்தால் அதைப் பிழை என்று சொல்ல வாய் வராது. ஒழுகுகிற கூரைக்குக் கீழே சட்டி வைத்துக்கொண்டு, "நல்ல வேலை" என்று சொன்ன வீடுகள் எனக்குத் தெரியும்.

நானும் ஒரு வடை சாப்பிட்டேன். "களைச்சுப்போனாய், வீட்டை போய்ப் படு" என்று அனுப்பிவிட்டேன். இப்போது அதை நினைக்க என்மேலேயே எரிச்சல் வருகிறது.

அக்டோபர் 18, சனி

காலையில் அவனைக் கூப்பிட்டேன். வந்ததும் சொன்னேன்: "இதை உடைக்க வேணும்."

"என்ன கதை அக்கா?"

"உடைக்க வேணும். குழாய் தோட்டத்தாலைதான் போகும்."

நான் ஏதோ நன்றிகெட்டவள் என்பது மாதிரிப் பார்த்தான். பிறகு சத்தம் போட்டான். எத்தனை வீட்டில் இப்படிப் போட்டிருக்கிறேன், ஒரு வீடாவது எரிந்ததா, அந்த மனுஷன் 24 வரைக்கும் வரமாட்டான், வாய்க்காலை யார் வெட்டுவது, எப்ப முடிகிறது. நான் அசையவில்லை. கடைசியில் அவனுக்குக் குரல் உடைந்தது.

"நான் என்னத்துக்கு அவசரப்பட்டனான் எண்டு உங்களுக்குத் தெரியாதே? நர்ஸிட்டை நானும் கேட்டனான். அத்தானுக்கு அந்த அறை எத்தினை நாளைக்கு அக்கா?"

சொன்னவுடன் வாயைப் பொத்திக்கொண்டான்.

நான் கராஜுக்குப் போனேன். உளியும் சுத்தியலும் எடுத்து வந்தேன். சீமெந்து இன்னும் முற்றாக இறுகவில்லை. முதல் அடியிலேயே ஒரு துண்டு பெயர்ந்தது. அவன் என் கையைப் பிடிக்க வந்தான். "ஒரு நாள் எண்டாலும் அந்த ஒரு நாளும் அவருக்குக் கீழை எண்ணெய் ஓடக்கூடாது" என்றேன். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அவன் வானை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் மத்தியானம் வரை உடைத்தேன். குழாயை இழுத்து வெளியே போட்டேன். கோபம் இல்லை என்று எழுத வந்தேன், பொய். எனக்கு அவன்மேல் பற்றி எரிகிறது. குழாய் போட்டதற்காக இல்லை. நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை அவன் சத்தமாகச் சொல்லிவிட்டான்.

அக்டோபர் 19, ஞாயிறு

கெங்கா போன் எடுக்கவில்லை. எனக்கும் அவசரம் இல்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

பந்தலைப் பிரித்தேன். காய்ந்த கொடியில் இரண்டு பழுத்த பாவற்காய் வெடித்துத் தொங்கின. கம்பிகளைச் சுருட்டினேன். கால்களைப் பிடுங்க ஏலவில்லை, இவர் ஒவ்வொரு வருஷமும் இரும்பு அலவாங்கால் குழி குத்தி ஆழமாக இறக்கியிருக்கிறார். பந்தல் கால் விழுந்தால் மானம் போய்விடும் என்பது மாதிரி ஒரு ஆழம்.

பிறகு மண்வெட்டி எடுத்து வாய்க்கால் தொடங்கினேன். இந்த ஊர் மண் களி. ஒரு வெட்டுக்கு ஒரு பிடி வரும், அதுவும் மண்வெட்டியிலேயே ஒட்டிக்கொள்ளும். எனக்கு அறுபத்தொன்று. ஒரு விளக்குமாறு நீளம் வெட்டியதும் இடுப்பு கெஞ்சியது. இடுப்பு கெஞ்சட்டும் என்று வெட்டினேன். மழையும் தூறத் தொடங்கியது.

நிமிர்ந்து பார்த்தபோது கெங்கா வாசல் படலையடியில் நின்றான், தோளில் அலவாங்கு. நேரே வந்து பந்தல் கால்களைப் பிடுங்கினான். பிறகு மறுமுனையிலிருந்து வெட்டத் தொடங்கினான். நான் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். தேத்தண்ணி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தான்.

"அக்கா, சீனி காணாது."

உள்ளே போய்ச் சீனிப் போத்தலையே தூக்கி வந்தேன்.

அக்டோபர் 22, புதன்

அவன் வெட்டினான், நான் மண்ணை அள்ளினேன். வீட்டின் பின்மூலையில் ஒரு பெரிய கல் மறித்தது. கொஞ்சம் மேலால் குழாயை ஏற்றிக் கொண்டுபோகலாம் என்று அவனுக்கு வாய் வரை வந்ததைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினான். அரை நாள் மினக்கெட்டுக் கல்லைக் கிளப்பினோம்.

அக்டோபர் 24, வெள்ளி

கிரேயம் சொன்ன நேரத்துக்கு வந்தார். வாய்க்காலில் இறங்கி ஆழம் பார்த்தார். அடியில் மண்ணில் கிடந்த கல்லுக் குறுணியெல்லாம் பொறுக்கச் சொன்னார், குழாயை அரிக்குமாம். கெங்கா குனிந்து பொறுக்கினான். பிறகு மணல் விரித்து, அதற்கு மேல் குழாய், சுருளிலிருந்து விரிந்து விரிந்து வளைந்து வீட்டைச் சுற்றிப் போயிற்று. தொட்டியடியில் ஒரு மூட்டு, கராஜ் வாசலில் ஒரு மூட்டு. நடுவில் மூட்டே இல்லை. சுவருக்குள் நுழைகிற இடத்தில் இன்னொரு பெரிய குழாய்க்குள் அதை விட்டார். வீடு கொஞ்சம் இறங்கினாலும் செப்பு நசியாதாம். பொயிலரையும் கராஜில் பூட்டினார்; சோதித்துப் பார்க்க வியாழக்கிழமை வருவார், அதுவரை வாய்க்காலை மூடக் கூடாதாம்.

ஊரில் சண்டைக்காலம், எண்ணெய்க்குத் தடை இருந்தபோது, ஜாம் போத்தலில் பஞ்சுத் திரி வைத்து மண்ணெண்ணெயைச் சொட்டுக் கணக்கில் எரித்தோம். அப்போது போத்தலை மடியில் வைத்துக்கொண்டுதான் படித்தோம், எதுவும் எரியவில்லை என்று கெங்கா கிரேயத்துக்குச் சொன்னான். கிரேயம் சிரித்தார். "அதிர்ஷ்டத்தை இரண்டு தரம் கேட்கக் கூடாது" என்றார். கெங்காவுக்கு அது பிடித்துப்போய்விட்டது, இதற்குள் மூன்று பேருக்குப் போனில் சொல்லிவிட்டான்.

அக்டோபர் 26, ஞாயிறு

இவருக்குக் காய்ச்சல்.

அக்டோபர் 27, திங்கள்

காய்ச்சல் இறங்கவில்லை. மார்பில் சளி. இப்போது வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார்கள். வாய்க்காலை இன்னும் மூடவில்லை. மழைத் தண்ணீர் நிற்கிறது.

அக்டோபர் 28, செவ்வாய்

ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்து எழுதுகிறேன். கையைப் பிடித்தால் திருப்பிப் பிடிக்கிறார். போதும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. குறுக்கு வழியில் போட்டிருந்தால் போன கிழமையே வந்திருப்பார். ஒரு நாளாவது எங்கள் வீட்டில் படுத்திருப்பார். கெங்கா இதை இன்னும் சொல்லவில்லை. அவன் சொல்லாமல் இருப்பது சொல்வதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

அக்டோபர் 30, வியாழன்

காய்ச்சல் இறங்கிவிட்டது. காலையில் இவர் கேட்ட முதல் கேள்வி, "கெங்கா சாப்பிட்டவனோ?"

பிற்பகல் வீட்டில் கிரேயம் குழாயில் காற்றை ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்த்தார். இறங்கவில்லை. எனக்காக இன்னும் கொஞ்சநேரம் விட்டுப் பார்த்தார், அப்போதும் இறங்கவில்லை. தொட்டி வால்வைத் திறந்தார். கராஜில் பொயிலர் ஒரு தரம் இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. வால்வு எப்படி நிறுத்தும் என்று கெங்காவுக்குக் காட்டினார், கெங்கா அதை இரண்டு தரம் செய்துபார்த்தான். பின் அறைக்குள் போய் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். உடைத்த தரையைக் கெங்கா திரும்பப் பூசியிருந்தான்; புதுப் பெயின்ட் மணம் மட்டும்.

மாலை கெங்காவும் நானும் வாய்க்காலை மூடினோம். பாதி மண், நாடா, மிச்ச மண். மிதித்து இறுக்கினோம்.

நவம்பர் 3, திங்கள்

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உடைத்ததைத் தவிர. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பந்தலைப் பிரிச்சாச்சே?"

"ஓம். குழாய் அதாலைதான் போகுது. வைகாசியில பந்தலைக் கொஞ்சம் அங்காலை போடுவம்."

கொஞ்சநேரம் மூச்சு வாங்கினார். "குழாய் போற இடத்தைக் கெங்காவுக்கு வடிவாக் காட்டி வையும். அவன் பாராமல் அலவாங்கு போடுவான்."

"நீங்கள் நிண்டு சொல்லுங்கோவன்."

என் கையைத் தட்டினார், பேசாமல் இரும் என்கிற மாதிரி. மதியம் வந்த சூப்பைக் குடிக்கவில்லை. நான் குடித்தேன். உப்பில்லை.

நவம்பர் 6, வியாழன்

வந்துவிட்டார்.

அம்புலன்ஸ்காரர் இருவர் தூக்கி வந்தார்கள். கெங்கா முன்னால் ஓடி ஓடிக் கதவுகளைத் திறந்தான், திறந்திருந்த கதவையும் திறந்தான். ஜூலி வந்து அறையைச் சுற்றிப் பார்த்தார், பொயிலர் நின்ற இடத்தைக் காட்டச் சொன்னார், கராஜுக்குப் போய்ப் பார்த்தார். "யார் இதையெல்லாம் செய்தது?" என்று கேட்டார். "என்ரை தம்பி" என்றேன். கெங்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஒட்சிசன் மெஷின் ஒரு மூலையில் முனகிக்கொண்டிருக்கிறது. இவர் யன்னலால் தோட்டத்தைப் பார்த்தார். புது மண் வீட்டைச் சுற்றிக் கறுப்பாகத் தெரிகிறது. "ரயில்பாதை போட்டமாதிரிக் கிடக்கு" என்றார். பிறகு சோறு கேட்டார். நாலு வாய் சாப்பிட்டார். நான் சந்தோஷமாக இருக்கிறேன். இதை அப்படியே எழுதிவைக்கிறேன், யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

நவம்பர் 8, சனி

தொட்டியில் எண்ணெய் அடிமட்டம். காலையில் இவருடைய கட்டிலடியில் இருந்தே எண்ணெய்க் கொம்பனிக்குப் போன் அடித்தேன். கெங்கா எதிர்க் கதிரையில் தேத்தண்ணியோடு இருந்தான். போனில் வந்த பெண் கேட்டாள், ஆகக் குறைந்தது ஐந்நூறு லீற்றர், அது போதுமா, தொட்டியை நிரப்ப வேண்டுமா என்று. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

கெங்கா என்னைப் பார்த்தான். ஐந்து விரலையும் மெதுவாக விரித்துக் காட்டினான். ஐந்நூறு. அவன் கெட்ட எண்ணத்தில் காட்டவில்லை. நர்ஸ் அவனுக்குச் சொன்னதும் டொக்டர் எனக்குச் சொன்னதும் ஒன்றுதான். ஐந்நூறு லீற்றர் அந்த நாட்களுக்குத் தாராளம்.

"நிரப்புங்கள்" என்றேன்.

போனை வைத்ததும் இவர் கண்ணைத் திறந்தார்.

"எவ்வளவு சொன்னீர்?"

"தொட்டி நிரம்ப."

"நிரம்பவோ? அது சித்திரை வரைக்கும் காணுமே."

"காணட்டும்."

ஒரு மூச்சு இழுத்தார். இன்னொன்று இழுத்தார். "அப்ப அது எரிஞ்சு முடியுமட்டும் என்னைப் பிடிச்சு வைக்கப்போறீர்."

"ஓம்" என்றேன்.

"சரி" என்றார். "வீணாக்க ஏலாதுதானே."

கெங்கா தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பி வெளியே போனான். எண்ணெய் லொறி வந்தால் நிற்க இடம் வேண்டும் என்று வாசலில் நின்ற தன் வானை எடுத்துத் தெருவில் விட்டான். லொறி வருவது திங்கட்கிழமை.